நிழலுக்கு என்ன நிறம்?

பெர்லினுக்கு வேலைக்கு வந்த புதிதில், அலுவலக நண்பர் ஒருவர் தன்னால் போக முடியவில்லை என்று ஒரு டிக்கெட்டை என் கையில் திணித்தார். உன்டர் டென் லின்டன் சாலையில் இருக்கும் ஸ்டாட்ஸ்ஓபர் அரங்கம். ஆக மேல்தட்டு இருக்கை. நிகழ்ச்சி ‘லா பயடேர்’. அதுவரை பாலே என்றால் எனக்கு மியூசிக் பாக்ஸைத் திறந்தால் சுற்றும் பொம்மைதான். பயடேர் என்றால் என்னவென்று தேடிப் பார்த்தேன். ஆடுபவள் என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. இந்தியக் கோயில் நடனப் பெண்ணைக் குறிப்பது. அட, நம்ம ஊர் விஷயமாச்சே என்று கிளம்பிவிட்டேன்.

முதல் பாதி முழுக்க எனக்குச் சிரிப்பும் கூச்சமுமாக இருந்தது. கோயில் நடனப் பெண்ணின் பெயர் நிகியா. காதலன் சோலோர், போர்வீரன். ராஜாவின் பெயர் துக்மந்தா, அவர் மகள் கம்சாத்தி. எந்த மாநிலத்துப் பெயர்கள் இவை? ஃபக்கீர்கள் நெருப்பைச் சுற்றிக் குதிக்கிறார்கள். தலைமைப் பிராமணர் நிகியா மேல் ஆசைப்படுகிறார். சோலோர் இளவரசியை மணக்கச் சம்மதிக்கிறான். பூக்கூடைக்குள் இருந்த பாம்பு தீண்டி நிகியா இறக்கிறாள். பிறகொரு நாள் இதன் வீடியோவை அம்மாவுக்குக் காட்டினேன். “ஏண்டா, எந்த ஊரு கோயில்லடா இப்படிக் கட்டைவிரல்ல நிக்கிறாங்க? பாவம், வலிக்காதா?” என்றார். இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

ஆனால் அதன்பின் ஒரு காட்சி வருகிறது. துக்கம் தாளாமல் சோலோர் அபின் புகைக்கிறான். கனவில் ‘நிழல்களின் ராஜ்ஜியம்’ விரிகிறது. மேடையின் பின்புறத்தில் ஒரு சரிவு. வெள்ளை உடையில், வெள்ளைத் துகிலோடு ஒரு பெண் வருகிறாள். ஒரு காலில் நின்று மறுகாலைப் பின்னால் நீட்டுகிறாள். இதற்கு அரபெஸ்க் என்று பெயர். பிறகு உடலைப் பின்னுக்கு வளைக்கிறாள். இரண்டு அடி நடக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அதே அசைவு. பிறகு இன்னொருத்தி. நிறுவனத்தைப் பொறுத்து 24 பேர் அல்லது 32 பேர். முதலில் வருபவர் அதை எத்தனை முறை செய்கிறார் என்று எண்ண முயன்று பாதியில் விட்டுவிட்டேன். என் தொழிலில் இதை ஃபார் லூப் என்போம். ஒரே கட்டளை, திரும்பத் திரும்ப. ஆனால் ஒரு லூப் கண்ணீர் வரவைக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அரங்கம் எழுந்ததோ இல்லையோ, நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

2020ஆம் ஆண்டின் இறுதியில் செய்திகளில் ஒரு பெயர் அடிபட்டது. க்ளோயி லோபெஸ் கோமெஸ். பிரான்சைச் சேர்ந்தவர், மாஸ்கோவில் பல்ஷோய் பள்ளியில் பயின்றவர். 2018இல் பெர்லின் ஸ்டாட்ஸ்பாலே குழுவில் சேர்ந்தார். அங்கே ஆடிய முதல் கறுப்பினப் பெண். கறுப்பினப் பெண் வரிசையில் நின்றால் ஒருமை கெடும் என்று தன் பயிற்சியாளர் சொன்னதாக அவர் வெளிப்படையாகப் பேசினார். ‘அன்ன ஏரி’க்காகத் தோலில் வெள்ளை பூசிக்கொள்ளச் சொன்னார்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். ‘லா பயடேர்’ ஒத்திகையில் வெள்ளைத் துகில்களைப் பங்கிட்டுக்கொண்டு வந்த பயிற்சியாளர் இவர் முன்னால் வந்ததும், துகில் வெள்ளை, நீ கறுப்பு, உனக்கு எப்படித் தருவது என்று சொல்லிச் சிரித்தாராம். 2021இல் நிறுவனத்தோடு சமரசம் ஏற்பட்டது. 16,000 யூரோ இழப்பீடு, ஓராண்டு ஒப்பந்த நீட்டிப்பு.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எழுந்து நின்று கைதட்டியது அதே துகிலுக்கு, அதே ஒருமைக்கு. அந்த ஒருமைதான் அழகு என்று நானும் அந்தப் பயிற்சியாளரும் ஒத்துப்போயிருக்கிறோம். ஒரு மாநிறத் தமிழன், மேல்தட்டில் நின்றுகொண்டு. அப்படியென்றால் என் கைதட்டல் தவறா? அல்லது நான் கைதட்டியது வேறொன்றுக்கா? இந்தக் கேள்விக்கு எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். குழுநடனம் என்பது தனிமனிதரை மறக்கடிக்கும் கலை. நிழல்கள் 32 பெண்கள் கிடையாது; சோலோரின் போதையில் ஒரே நிகியா 32 ஆகப் பெருகுகிறாள். அங்கே யாராவது ஒருத்தி தனியாகக் கண்ணில் பட்டால் கனவு கலைந்துவிடும். ஆகவே உயரம், உடல்வாகு, நிறம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் இனவெறி ஏதுமில்லை, வெறும் வடிவப் பிரச்சினை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று பார்க்கும்வரை.

1822இல் பாரீஸ் ஓபராவுக்கு எரிவாயு விளக்கு வந்தது. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. மேடையில் நிலவொளி சாத்தியமானது. 1832இல் மரி தாக்லியோனி ‘லா சில்ஃபீட்’ ஆடினார். மங்கிய ஒளியில் மெல்லிய வெள்ளைத் துணி, புகைபோல மிதக்கும் பெண்கள். அது பிடித்துப்போய் 1841இல் ‘ஜிசெல்’, பிறகு வரிசையாக எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக் காட்சி என்று ஆகிவிட்டது. கவனியுங்கள், வெள்ளையாக இருந்தது துணி. விளக்குக்கும் துணிக்கும் இடையில் நடந்த ஒரு தொழில்நுட்ப விஷயம். ஆடியவர்கள் எல்லாரும் ஐரோப்பியப் பெண்கள் என்பதால் துணி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மென்பொருளில் இதை டிஃபால்ட் என்போம். யாரும் உட்கார்ந்து முடிவெடுத்திருக்க மாட்டார்கள். வேறு மதிப்பு வந்து நிற்கும்போதுதான் இப்படி ஒன்று இருந்ததே தெரியவரும்.

அடுத்த வாதம் மரபு. பெடிபா எப்படி அமைத்தாரோ அப்படியே காக்க வேண்டும் என்பது. இங்கே எனக்கு ஓர் ஆவணம் கைகொடுக்கிறது. 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மரியஸ் பெடிபா, மின்குஸின் இசையில், ‘லா பயடேர்’ படைப்பை அரங்கேற்றினார். 1900இல் அவரே அதைத் திருத்தி மறுபடி மேடையேற்றினார். அந்தக் காலத்தில் விளாதிமிர் ஸ்தெபானவ் என்பவர் உருவாக்கிய குறியீட்டு முறையில் அசைவுகள் எழுதிவைக்கப்பட்டன. இசைக் குறிப்புகளைப் போன்ற வடிவம். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நிகோலாய் செர்கேயெவ் அந்தக் காகிதங்களை நாட்டை விட்டு எடுத்து வந்தார். இன்று அவை ஹார்வர்டில் இருக்கின்றன. நான் பெர்லினில் பார்த்தது, 2018 நவம்பரில் அலெக்ஸெய் ரட்மான்ஸ்கி இந்தக் காகிதங்களைப் படித்து மீட்டெடுத்த வடிவம்தான்.

கால் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், கை எங்கே, எந்தத் தாளத்தில் என்பதை எழுதுவதற்கான முறை அது. தோலின் நிறத்துக்கு அதில் குறியீடே கிடையாது. மரபு என்று பெட்டகத்தில் வைத்துக் காத்த ஒன்றே ஒன்றில், நிறம் என்ற புலமே இல்லை.

மற்றபடி இந்த ‘மாறாத’ படைப்பில் எதுதான் மாறவில்லை? 1877இல் நிழல்களின் காட்சி நல்ல வெளிச்சத்தில், ஒரு மாய மாளிகையில் நடந்தது. 1900இல் அதை இமயமலைப் பாறைகளுக்கும் விண்மீன் வெளிச்சத்துக்கும் மாற்றியவர் பெடிபாவே. கோயில் இடிந்து விழும் கடைசி அங்கம் சோவியத் காலத்தில் காணாமல் போனது. பலரும் ‘ஒரிஜினல்’ என்று நம்பும் வெண்கலச் சிலை நடனம் 1948இல் சேர்க்கப்பட்டது. 1980இல் நத்தாலியா மக்காரோவா அமெரிக்கன் பாலே தியேட்டருக்காகக் கடைசி அங்கத்தை மறுபடி உருவாக்கினார். 1992இல் ருடால்ஃப் நூரேயெவ், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், பாரீஸ் ஓபராவுக்கு அந்த அங்கமே இல்லாமல் தன் வடிவத்தைத் தந்தார். இப்படி ஆளாளுக்குக் கைவைத்த ஒரு கோட்பேஸில், ஒரு வரியை மட்டும் ‘தொடாதே, மரபு’ என்று காட்டினால் எந்த எஞ்சினியருக்கும் சந்தேகம் வரும்.

அந்த ஒரு வரி எது என்று பார்த்தால் விஷயம் இன்னும் விநோதமாகிறது. இந்த பாலேவில் உயிரோடிருக்கும் இந்தியர்களுக்குச் சாயம் பூசலாம். ஃபக்கீர்களுக்குப் பழுப்பு, சிலைக்குத் தங்கம், சிறுவர்களுக்குக் கறுப்பு. பாரீஸில் அந்தச் சிறுவர் நடனத்துக்குக் கறுப்பினக் குழந்தைகளை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல்லே பெயராக இருந்தது. 2015இல் பெஞ்சமின் மில்பியே இயக்குநராக இருந்தபோதுதான் அது ‘குழந்தைகள் நடனம்’ ஆனது. மாஸ்கோவில் 2019இல் முகத்தில் கறுப்பு பூசிய இரண்டு சிறுமிகளின் படத்தை மிஸ்டி கோப்லண்ட் பகிர்ந்து கேள்வி கேட்டார். அமெரிக்கன் பாலே தியேட்டரில் 2015இல் முதன்மை நடனக் கலைஞராக உயர்ந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். ஆயிரக்கணக்கான முறை இப்படித்தான் ஆடியிருக்கிறோம், யாரும் குறை சொன்னதில்லை என்ற பொருளில் பல்ஷோய் தரப்பு பதில் சொன்னது.

ஆக, ஒரே படைப்பில் இரண்டு விதிகள். கறுப்பு, சாயமாக வந்தால் மரபு. தோலாக வந்தால் ஒருமைக்குக் கேடு. முதல் அங்கத்தில் கழுவி எடுக்கக்கூடிய நிறத்தை எல்லாரும் ஏற்கிறார்கள். மூன்றாம் அங்கத்தில் கழுவ முடியாத நிறத்துக்கு வெள்ளை பூசச் சொல்கிறார்கள். இறந்துபோன இந்தியப் பெண் சொர்க்கத்துக்குப் போகும்போது வெள்ளையாகிவிட வேண்டும் என்று கதையில் எங்கும் இல்லை. இது வடிவப் பிரச்சினை என்று இனி என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. வடிவம் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே விதி இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம்ம ஊர் உண்மையாகவே கதைக்குள் வருகிறது. 1838இல் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஐந்து நடனப் பெண்களும் மூன்று இசைக்கலைஞர்களும் ஒரு பிரெஞ்சு ஏற்பாட்டாளரின் ஒப்பந்தத்தில் கப்பலேறினார்கள். கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்துக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பாரீஸில் ஆகஸ்ட் மாதம் ஆடினார்கள். அதே ஆண்டு லண்டனிலும் ஆடினார்கள். அவர்களில் பதினெட்டு வயது அம்மணியைப் பார்த்து மயங்கிப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதியவர் தெயோஃபீல் கோத்தியே. ஜான்-ஒகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணியை வெண்கலச் சிலையாக வடித்தார்.

இதே கோத்தியேதான் மூன்று ஆண்டுகள் கழித்து ‘ஜிசெல்’ கதையை எழுதியவர்களில் ஒருவர். 1858இல் ‘சகுந்தலா’ பாலேவுக்கும் அவரே கதை எழுதினார். அதற்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெடிபா, மரியஸின் அண்ணன். அங்கிருந்து 19 ஆண்டுகளில் தம்பியின் ‘லா பயடேர்’. ஒரு தமிழ்ப் பெண்ணின் வியர்வையும் சலங்கையும் பாரீஸ் மேடையில் நிஜமாக இருந்தன. அரை நூற்றாண்டுக்குள் அவள் கதையாகி, பெயர் மாறி, கட்டைவிரலில் ஏறி, வெள்ளைத் துகிலுக்குள் போய்விட்டாள். பாலேவில் பன்முகத்தன்மை வேண்டும் என்று இன்று கேட்பதை, வெளியாள் கதவைத் தட்டுவது போலப் பேசுகிறார்கள். இந்தப் படைப்பைப் பொறுத்தவரை, வீட்டின் அஸ்திவாரத்திலேயே வெளியாள் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள்.

சரி, நிறங்கள் கலந்தால் ஒருமை உடையுமா? இதற்கு ஊகம் தேவையில்லை, செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க் சிட்டி பாலேவில் 1955 முதல் ஆடிய ஆர்தர் மிட்செல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு 1969இல் கரெல் ஷூக்குடன் சேர்ந்து டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெமைத் தொடங்கினார். எழுபதுகளில் அங்கே ஒரு மாற்றம் செய்தார்கள். இளஞ்சிவப்பு டைட்ஸும் காலணியும் வேண்டாம். ஒவ்வொருவர் தோலுக்கும் ஏற்ற நிறத்தில் டைட்ஸ், அதே நிறத்தில் சாயமேற்றிய காலணி.

இதை அடையாள அரசியல் என்று மட்டும் படித்தால் அதிலுள்ள அழகியல் அறிவு தப்பிவிடும். இளஞ்சிவப்பு எதற்காக வந்தது? ஐரோப்பியத் தோலோடு கலந்து, இடுப்பிலிருந்து விரல்நுனிவரை ஒரே கோடாகத் தெரிவதற்காக. அதே இளஞ்சிவப்பைக் கறுத்த உடலில் மாட்டினால் கோடு இடுப்பில் வெட்டுப்படுகிறது. கால் தனி, உடல் தனி. பாலே எதை உயிராகக் கருதுகிறதோ அந்தக் கோட்டை வெட்டுவது பழைய விதிதான். மிட்செல் விதியை மீறினார், கோட்டைக் காப்பாற்றினார். எழுத்தை விட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டார். என்னைக் கேட்டால் இருவரில் மரபுவாதி அவர்தான்.

1984இல் அதே குழு ‘ஜிசெல்’ ஆடியது. ஜெர்மன் கிராமத்துக்குப் பதிலாக 1840களின் லூசியானா, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினக் குடும்பங்கள். யார் எத்தனை தலைமுறைக்கு முன் விடுதலை பெற்றார்கள் என்பதை வைத்து அங்கே ஏற்றத்தாழ்வு. நடனம் பெரும்பாலும் பழையதே. பிரபுவும் விவசாயிப் பெண்ணும் என்ற தேய்ந்த முரணுக்கு அங்கே திடீரென ரத்த ஓட்டம் கிடைத்தது.

ஆனால் இந்த அறிவு ஊர் முழுக்கப் பரவ எவ்வளவு காலம்! பழுப்பு நிறக் காலணி கடையில் கிடைக்காததால், கறுப்பின நடனப் பெண்கள் தங்கள் மேக்கப்பை எடுத்துக் காலணியில் பூசிக்கொள்வது வழக்கம். ஒரு ஜோடி சில நாட்களில் நைந்துவிடும். மறுபடி பூச வேண்டும். லண்டனின் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறங்களில் காலணி கொண்டுவந்தது 2018இல். மிட்செலுக்குப் பிறகு கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள். பாரீஸ் ஓபராவில் 2020இல் ஐந்து கறுப்பின, கலப்பினக் கலைஞர்கள் அறிக்கை எழுதிக் கேட்டவற்றில் காலணியும் டைட்ஸும் மேக்கப்பும் இருந்தன. அவர்களில் ஒருவரான கியோம் தியோப், பிறகு ‘லா பயடேர்’ படைப்பில் சோலோராக ஆடினார். 2023 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் முதல் கறுப்பின எத்துவால் ஆனார். அங்கே அதுதான் உச்சப் பதவி.

தியோப் நாயகனாக ஆடுவதைப் பார்த்து இனி எல்லாம் சரி என்று சொல்லத் தோன்றும். எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. உச்சத்தில் ஒருவர் வித்தியாசமாக இருப்பதை எந்த நிறுவனமும் பொறுத்துக்கொள்ளும். நாயகன் தனித்துத் தெரிய வேண்டியவன்தானே. சோதனை குழுவில்தான், பெயர் அறிவிக்கப்படாத பதினேழாவது நிழலில்தான். க்ளோயி லோபெஸ் கோமெஸ் நின்றது அங்கே.

இன்னொரு வழியும் முயற்சி செய்யப்பட்டிருக்கிறது. 2024இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஃபில் சானும் டக் ஃபுல்லிங்டனும் பழைய குறிப்புகளின் நடனத்தை வைத்துக்கொண்டு, கதையை மட்டும் 1930களின் ஹாலிவுட்டுக்கு மாற்றினார்கள். யாருக்கும் சாயம் பூச வேண்டியதில்லை. புத்திசாலித்தனமான தீர்வு. ஆனாலும் ஒரு சின்ன உறுத்தல். இந்தியாவைச் சரியாகக் காட்ட முடியவில்லை என்பதால் இந்தியாவையே எடுத்துவிட்டால், அம்மணி இரண்டாவது முறையும் வெளியேற்றப்படுகிறாள்.

இப்படிக் குறை சொல்லிக்கொண்டே வந்தபோது மனசுக்குள் ஒரு குரல். “ஏம்ப்பா, நீங்க மட்டும் அவங்கள உள்ள வச்சிருந்தீங்களா?” 1947இல் மதராஸ் மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குள்ளேயே சதிர் பரதநாட்டியமாகி, வேறு சாதிப் பெண்களின் மேடையாக மாறத் தொடங்கியிருந்தது. அந்த மாற்றத்தின் முக்கிய முகமான ருக்மிணி தேவியை நடனத்தின் பக்கம் திருப்பியது அன்னா பாவ்லோவாவின் நட்பு. முதலில் அவர் கற்றது பாலே. நமக்கும் ஒரு வெள்ளைத் துகில் இருந்திருக்கிறது. ‘தூய்மை’ என்று பெயர். பாலசரஸ்வதி போன்ற ஒரு மேதை தன் குலத்தின் கலையை வாழ்நாள் முழுக்கத் தாங்கிப் பிடித்தார். ஆனால் திருவந்திபுரத்து அம்மணியின் கொள்ளுப்பேத்தி இந்த மார்கழியில் ஒரு சபாவில் வாய்ப்புக் கேட்டால் அவளை டிஃபால்ட்டாக யாரும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள். பெர்லினைப் பார்த்து விரல் நீட்டும்போது இதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையான ரசிகன் இல்லை.

போன மாதம் நிழல்களின் காட்சியை வீடியோவில் மறுபடி பார்த்தேன். இந்த முறை லேப்டாப்பில், ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி. 32 பேர். ஒருவர் கால் நான்கு விரற்கடை உயரம், இன்னொருவர் கால் சற்றுத் தாழ்வு. ஒருவர் முதுகு அதிகம் வளைகிறது. ஒருவர் கழுத்து நீளம். ஒன்பதாவது பெண் அரை நொடி தாமதம். எங்குமே இரண்டு பேர் ஒன்றுபோல இல்லை. பிறகு நிறுத்தாமல் ஓடவிட்டேன். எல்லாரும் ஒரே அலையாகச் சேர்ந்துவிட்டார்கள். சேர்த்தது இசையும் அந்த அசைவும் என் கண்ணும்தான். முதுகையும் கழுத்தையும் தாமதத்தையும் மன்னித்த கண்ணுக்கு ஒரு தோலின் நிறத்தை மட்டும் மன்னிக்கத் தெரியாது என்று யார் முடிவு செய்தது?

என் கைதட்டலைத் திரும்பப் பெறப்போவதில்லை. அது அந்த அசைவுக்குச் சேர வேண்டியது. ரட்மான்ஸ்கி காகிதத்திலிருந்து படித்தெடுத்ததும் அதைத்தான். அடுத்த முறை அந்தச் சரிவில் முதலாவதாகவோ பதினேழாவதாகவோ ஒரு கறுத்த கை துகிலை ஏந்தி வரட்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். விரல் வலிக்காதா என்று அவர் மறுபடி கேட்பார். வலிக்கும்மா, எல்லாருக்கும்தான் என்பேன்.